பதினாறாவது முறை

வெளியூரிலிருந்து யார் வந்தாலும் தெலுக் இந்தானில் முதலில் கேட்பது சாய்ந்த கோபுரத்தைத்தான். கையால் முட்டுக்கொடுப்பதுபோல் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள், சீ சோங் ஃபன் பொட்டலம் வாங்குவார்கள், கிளம்பிவிடுவார்கள். அது தண்ணீர்த்தொட்டி என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. 1885-இல் லியோங் சூன் சோங் என்ற ஒப்பந்தக்காரர் கட்டியது. வெளியே எட்டு மாடி போலத் தோன்றும், உள்ளே மூன்றுதான். உச்சியில் தொட்டி. வறட்சி வந்தாலும் தீப்பிடித்தாலும் ஊருக்கு அதுதான் கையிருப்பு. அந்தப் பாரத்தைத் தாங்க முடியாத இளகிய தரை, கோபுரத்தைச் சாய்த்துவிட்டது.

லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு கெர்னலின் நினைவக மேலாண்மையைச் சொல்லிக்கொடுக்கும்போது இந்தத் தொட்டியைத்தான் இழுப்பேன். காரணம், கெர்னலே தன் கணக்கைத் தண்ணீர் மட்டமாகத்தான் வைத்திருக்கிறது. அதில் மூன்று கோடுகள்: உயர் மட்டம், தாழ் மட்டம், அடிமட்டம். காலியாக இருக்கும் நினைவகம் தாழ் மட்டத்துக்குக் கீழே இறங்கினால், பின்னணியில் தூங்கிக்கொண்டிருக்கும் கேஸ்வாப்டி என்ற வேலைக்காரன் எழுந்திருப்பான். உயர் மட்டம் வரும்வரை நிரப்பிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வான். அவன் நிரப்புவதைவிட வேகமாக மற்றவர்கள் இறைத்து, மட்டம் அடிக்கோட்டையும் தாண்டினால், நினைவகம் கேட்டு வந்த நிரலே வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். முன்னது பின்னணி மீட்பு, பின்னது நேரடி மீட்பு.

எங்கிருந்து நிரப்புவது? நினைவகம் பக்கம் பக்கமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சாதாரணக் கணினியில் ஒரு பக்கம் 4 கிலோபைட். வட்டிலிருந்து படித்து, மாற்றாமல் வைத்திருக்கும் கோப்பின் பக்கமென்றால் தயங்காமல் தூக்கி எறியலாம், தேவைப்பட்டால் மறுபடி படித்துக்கொள்ளலாம். எழுதி மாற்றிய பக்கமென்றால் முதலில் வட்டில் எழுத வேண்டும். நிரல் தன் சொந்த வேலைக்கு வைத்திருக்கும் பக்கத்துக்கு மாற்றிடம் வேண்டும், அதுதான் ஸ்வாப். சில பக்கங்கள் பூட்டப்பட்டவை, தொடவே முடியாது.

என் அப்பா பால் வெட்டியவர். நிரை நிரையாக மரத்துக்கு மரம் போய்க் கோப்பையைப் பார்ப்பதும், பாலிருந்தால் வாளியில் ஊற்றுவதும் அவர் வேலை. கெர்னலும் அதைத்தான் செய்கிறது. எத்தனை கோப்பையைப் பார்த்தது, எத்தனை கோப்பைப் பால் கிடைத்தது என்று இரண்டு எண்ணிக்கை வைத்திருக்கிறது. முதலாவதற்கு ஸ்கேன் என்று பெயர், இரண்டாவதற்கு ஸ்டீல். இரண்டும் சேர்ந்து ஏறினால் ஆரோக்கியம். முதலாவது மட்டும் ஏறி இரண்டாவது நின்றிருந்தால் ஆள் வெறுங்கோப்பைகளைச் சுற்றிக்கொண்டிருக்கிறான் என்று பொருள்.

2011 கடைசியில் ஒரு செம்பனை ஆலையிலிருந்து கூப்பிட்டார்கள். தெலுக் இந்தானிலிருந்து அரைமணி நேரம். குலை ஏற்றிவரும் லோரிகளை நிறுக்கும் எடைமேடை, எங்கள் பக்கத்தில் திம்பாங் என்றால்தான் புரியும். அதில் புதிதாக வாங்கிய கணினி சாயங்காலமானால் செத்துவிடுகிறது என்றார்கள். "தம்பி, ஹேங்கும் ஆவல, ஓடவும் மாட்டேங்குது. மௌச அசைச்சா அஞ்சு நிமிஷம் கழிச்சு அசையுது," என்றார் கிராணி. வெளியே லோரிகள் ரோடு வரைக்கும் நின்றன. செம்பனைக் குலை வெட்டியபின் நேரமாக ஆக எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும். 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போய்விட வேண்டும் என்பார்கள். லோரிக்காரர்களுக்கு நடைக்கு இவ்வளவென்று கூலி. நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் அவர்கள் கையைக் கடிக்கும்.

கணினியில் பார்த்தால் கேஸ்வாப்டி ஒரு பிராசஸரை நூறு சதவீதம் பிடித்துக்கொண்டிருந்தது. விசித்திரம் என்னவென்றால், நினைவகம் நிறையக் காலியாக இருந்தது. தொட்டி நிறைந்திருக்கிறது, வேலைக்காரன் மட்டும் வாளியும் கையுமாக ஓடிக்கொண்டே இருக்கிறான். தினமும் சாயங்காலம் எடைப் பதிவுகளையும் கேமரா படங்களையும் ஒரு பெரிய கோப்பாக இன்னொரு வட்டுக்கு நகலெடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்த ஓட்டம் தொடங்கியது. அந்தக் கோப்பை அழித்தால் நின்றது. கெர்னல் 2.6.38. நினைவகம் 4 ஜிகாபைட்.

இந்த 4 ஜிகாபைட்டில்தான் விஷயம். 64 பிட் பிசி கணினிகளில் கெர்னல் நினைவகத்தை மண்டலங்களாகப் பிரிக்கிறது. முதல் 16 மெகாபைட் ஒன்று, 4 ஜிகாபைட் எல்லைவரை இன்னொன்று, எல்லைக்கு மேலே இருப்பது மூன்றாவது. 4 ஜிகாபைட் நினைவகம் போட்ட கணினியில் மூன்றாவது மண்டலமே இருக்கக்கூடாது. ஆனால் எல்லைக்குக் கீழே கொஞ்சம் முகவரி இடத்தைச் சாதனங்கள் பிடித்துக்கொள்வதால், அந்த அளவு நினைவகம் எல்லைக்கு மேலே தள்ளப்படும். லயத்து வீட்டின் பின்னால் தகரம் போட்டு இழுத்த அறை மாதிரி, ஒரு சின்ன மண்டலம் உருவாகும். சின்னதென்பதால் சீக்கிரம் நிரம்பிவிடும். அதில் மீட்க ஒன்றுமில்லை என்ற நிலையும் சீக்கிரம் வந்துவிடும்.

கேஸ்வாப்டி எழும்போது இன்ன மண்டலம் வரைக்கும் சரிசெய் என்று ஒரு கட்டளையோடு எழுகிறது. சரிசெய்கிற பகுதி அந்தக் கட்டளையைப் பார்த்து, அதுவரைக்குமுள்ள மண்டலங்களை நிரப்பிவிட்டு, வேலை முடிந்தது என்றது. தூங்கப் போகலாமா என்று சோதிக்கிற பகுதியோ கட்டளையைப் பார்க்கவில்லை. எல்லா மண்டலங்களையும் பார்த்தது. மேலே அந்தத் தகர அறை இன்னும் சரியில்லை, தூங்காதே என்றது. மறுபடி முதல் பகுதி, மறுபடி முடிந்தது. மறுபடி இரண்டாவது பகுதி, மறுபடி முடியவில்லை. போதாததற்கு, இப்படிச் சுற்றும்போதெல்லாம் கெர்னல் தன் சொந்தச் சேமிப்பு அலமாரிகளையும் சுருக்கிக்கொண்டே இருந்தது. அதனால்தான் அவ்வளவு நினைவகம் காலி, அதனால்தான் எந்தக் கோப்பைத் தொட்டாலும் அவ்வளவு தாமதம்.

அந்த வருடம் இதே கூத்து உலகத்தில் பலருடைய மடிக்கணினிகளில் நடந்திருந்தது. சாண்டி பிரிட்ஜ் என்ற இன்டெல் வரிசை அப்போது புதிது. அதில் சிலவற்றில் இந்தக் குட்டி மண்டலம் அமைந்துவிட, பெரிய கோப்பை நகலெடுத்தவர்களெல்லாம் அகப்பட்டுக்கொண்டார்கள். மெல் கோர்மன் என்ற கெர்னல் நிரலாளர் காரணத்தைப் பிரித்துக் காட்டி எழுதிய திருத்தம், 2011 ஜூலையில் வந்த 3.0 பதிப்பில் சேர்ந்தது. இரண்டாவது பகுதியும் அதே கட்டளையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆலைக் கணினியில் அன்று இரவு சேமிப்பைக் கையால் காலிசெய்து லோரிகளை உள்ளே விட்டோம். மறுநாள் புதுக் கெர்னல் போட்டதும் ஓட்டம் நின்றது.

முடிவில்லாச் சுழலைத் தேடுவது மற்ற பிழைகளைத் தேடுவது போலில்லை. ஒரு நிரல் விழுந்தால் விழுந்த இடம் இருக்கும், அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகலாம். சுழலுக்கு அப்படி இடம் கிடையாது. எந்தக் கணத்தில் நிறுத்திப் பார்த்தாலும் அது நியாயமான ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஒரு மண்டலத்தைச் சோதிக்கும், ஒரு பட்டியலைப் பார்க்கும், ஓர் அலமாரியைச் சுருக்கும். ஒவ்வொரு அடியும் சரி, நடை மட்டும் எங்கேயும் போய்ச் சேராது. அதனால் ஒரு படம் எடுத்துப் பயனில்லை. பத்து விநாடிக்கு ஒருமுறை ஐம்பது படம் எடுத்து, எது மாறுகிறது, எது மாறவே இல்லை என்று அடுக்கிப் பார்க்க வேண்டும்.

சுழலை வெளியிலிருந்து பார்த்து இது நிற்கும், இது நிற்காது என்று தீர்ப்புச் சொல்ல எல்லா நிரலுக்கும் பொருந்தும் ஒரு வழி இருக்கவே முடியாது என்று ஆலன் டியூரிங் 1936-இலேயே நிறுவிவிட்டார். அதனால் கெர்னல் எழுதுகிறவர்களுக்குக் கணித நிச்சயம் கிடையாது. எங்கேயாவது ஒரு கோடு கிழித்து, இதற்குமேல் சுற்றாதே என்று சொல்ல வேண்டும். எங்கே கிழிப்பது என்பதில்தான் பல வருடச் சண்டை.

2014 டிசம்பரில் அந்தச் சண்டை பெரிதானது. ஜப்பானைச் சேர்ந்த டெட்சுவோ ஹண்டா, கெர்னல் நினைவகப் பஞ்சத்தில் முழுசாக உறைந்துபோகும் நிலைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். எழுதப்பட்ட விதி என்ன? நினைவகம் கேட்டால் இல்லை என்ற பதிலும் வரலாம், அதற்குத் தயாராக இரு. நடைமுறை என்ன? 8 பக்கம், அதாவது 32 கிலோபைட் வரைக்குமான சின்னக் கோரிக்கைகளுக்கு கெர்னல் இல்லை என்று சொல்வதே இல்லை. கிடைக்கும்வரை உள்ளுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு நிரல் ஒரு பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நினைவகம் கேட்கிறது. நினைவகமில்லை. கெர்னல் வேறொரு நிரலைக் கொன்று இடம் பிடிக்கப் பார்க்கிறது. அந்த நிரலோ சாவதற்கு முன்னால் அதே பூட்டுக்காகக் காத்திருக்கிறது. கேட்டவனுக்குக் கிடைக்காமல் பூட்டு திறக்காது, பூட்டு திறக்காமல் மற்றவன் சாகமாட்டான், அவன் சாகாமல் கேட்டவனுக்குக் கிடைக்காது.

அப்படியென்றால் இல்லை என்று சொல்லிவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். பல வருடமாக இல்லை என்ற பதிலே வராததால், அந்தப் பதில் வந்தால் என்ன செய்வதென்று எழுதியிருந்த வரிகள் பல ஒருமுறைகூட ஓடிப்பார்க்காதவை. திடீரென்று இல்லை என்றால் அந்த வரிகளில் எத்தனை உடையும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மறுப்பையே கேட்டு வளராத நிரலிடம் மறுப்பைச் சொல்லப் பயந்தார்கள்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த வருடங்களில்தான் பெரியம்மாவின் விவகாரம் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் அக்கா. மெர்டேக்காவுக்கு முன்னால் இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பிறப்பைப் பதியவில்லை. பால் வெட்டினார், பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை வைத்ததும் உதிரிப்பழம் பொறுக்கினார். கையில் சிவப்பு ஐசி. நிரந்தரவாசி, ஆனால் குடியுரிமை இல்லை. ஓட்டு இல்லை. குடிமக்களுக்கென்று அரசு கொடுக்கும் உதவித்தொகை பக்கத்து வீட்டுக்கு வரும், இவருக்கு வராது. பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நீல ஐசி. ஒரே வீட்டில் இரண்டு நிறம்.

2005-இல் குடியுரிமைக்கு முயற்சி தொடங்கினார். ஒரு முகப்பில் போனால், இந்தக் கடுதாசி வேண்டும், அந்த அலுவலகத்தில் வாங்கி வா என்பார்கள். அங்கே போனால், முதலில் அவர்கள் எழுதிக்கொடுக்கட்டும் என்பார்கள். யாரும் திட்டவில்லை, விரட்டவில்லை. மரியாதையாகத்தான் பேசினார்கள். முகப்பில் இருந்தவர்களில் யாரும் கெட்டவர்களில்லை, அவரவர் தாளில் எழுதியிருந்ததை அவரவர் சரியாகச் செய்தார்கள். நான் ஒருமுறை, ஏன் பெரியம்மா இன்னும் அலையிறீங்க, நடக்கிற மாதிரி தெரியலையே என்றேன். "இல்லய்யா, ஒவ்வொரு தடவையும் ஒரு பேப்பர வாங்கி வெச்சிக்கிறாங்க. வேல நடக்குதுன்னுதானே அர்த்தம்?" என்றார்.

கெர்னலின் பழைய கணக்கும் அச்சு அசலாக அதுதான். மீட்புச் சுற்றில் ஒரே ஒரு பக்கம் கிடைத்தாலும் போதும், முன்னேற்றம் என்று எழுதிக்கொள்ளும், இதுவரை வீணாய்ச் சுற்றிய எண்ணிக்கையை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சுற்றும். பசி ஆயிரம் பக்கத்துக்கு, கிடைத்தது ஒன்று, அதுவும் அடுத்த கணம் வேறொருவன் கைக்குப் போய்விடும். ஆனால் பதிவேட்டில் முன்னேற்றம். இப்படி வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருக்க முடியும். சுழலைக் காப்பாற்றுவது தோல்வி இல்லை, இந்தத் துளி வெற்றிதான்.

2016-இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. இரண்டும் பெரும்பாலும் சூசே நிறுவனத்தின் மிஹால் ஹோட்ஸ்கோவின் கை. முதலாவது, மே மாதம் வந்த 4.6 பதிப்பில். கொல்லத் தேர்ந்தெடுத்த நிரல் பூட்டுக்காக நின்றாலும், அது முழுசாகச் சாகும்வரை காத்திராமல் அதன் பக்கங்களை முன்கூட்டியே அறுவடை செய்துகொள்ளும் ஏற்பாடு. இரண்டாவது, ஜூலையில் வந்த 4.7-இல். ஒரு பக்கம் கிடைத்ததையெல்லாம் வெற்றி என்று கொண்டாடாமல், இன்னும் மீட்கக்கூடியது எல்லாவற்றையும் மீட்டாலும் கேட்டது நிறையுமா என்று பார்ப்பது. முன்னேற்றமே இல்லாத சுற்றுகளை எண்ணுவது. எல்லை 16. அடுத்த வருடம் 4.12-இல் யோஹன்னஸ் வைனர் அதே எண்ணைக் கேஸ்வாப்டிக்கும் கொண்டுவந்தார். 16 முறை முயன்று ஒன்றும் கிடைக்காவிட்டால் தூங்கப்போ. பிறகு நேரடியாக இறங்கிய யாருக்காவது கிடைத்தால் மறுபடி எழுந்துகொள்.

16-இல் மந்திரம் எதுவுமில்லை, 20 என்று வைத்திருந்தாலும் வேலை நடந்திருக்கும். எண்ணுவதற்கு ஒருவன் இருக்கிறான் என்பதுதான் மாற்றம்.

நான் பெரியம்மாவின் பேத்திக்கு ஒரு நோட்டு வாங்கிக்கொடுத்தேன். போன தேதி, எந்த முகப்பு, என்ன கேட்டார்கள், என்ன கொடுத்தோம், என்ன சொன்னார்கள். பழைய ரசீதுகளையும் பெரியம்மாவின் ஞாபகத்தையும் வைத்து 11 வருடத்தைப் பின்னோக்கி எழுதினாள். 23 முறை. அடுக்கிப் பார்த்ததும் பளிச்சென்று தெரிந்தது. ஆறு தடவை ஒரே கடுதாசியைக் கேட்டிருக்கிறார்கள், ஆறு தடவையும் கொடுத்திருக்கிறார். மாறாமல் நின்றது ஒன்று: இத்தனை வருடத்தில் யாரும் முடியாது என்று எழுதிக்கொடுக்கவில்லை. எழுதிக்கொடுத்தால்தான் காரணம் தெரியும், காரணம் தெரிந்தால்தான் அடுத்த வழியைப் பார்க்க முடியும்.

அந்தப் பட்டியலைச் சேர்த்து, முடிவை எழுத்தில் தரும்படி ஒரு கடிதம் அனுப்பினோம். ஐந்து மாதம் கழித்து மலாயில் இரண்டு வரி வந்தது. மறுப்பு. தாயார் இங்கே இருந்ததற்கான சான்று போதவில்லை. முகப்பில் ஒருவரும் ஒருநாளும் கேட்காத விஷயம் அது.

பேத்தி அழுதாள். பெரியம்மா கடுதாசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மலாய் வாசிக்க வராது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். "இத மொதல்லயே சொல்லியிருந்தா அப்ப காளியக்கா உயிரோட இருந்தா, கையெழுத்து வாங்கியிருப்பேனே," என்றார். காளியக்கா அம்மாச்சியோடு ஒரே லயத்தில் இருந்தவர். 2009-இல் போய்விட்டார்.

இங்கே என் உவமையை நானே நிறுத்த வேண்டும். கெர்னல் இல்லை என்று சொல்லும்போது யாரோ ஒருவன் விலை கொடுக்கிறான். நினைவகம் தீர்ந்தால் ஒரு நிரலைத் தேர்ந்து கொல்லும் ஏற்பாட்டை 2004-இல் ஆன்ட்ரிஸ் பிரௌவர் ஒரு விமான நிறுவனக் கதையாகக் கிண்டல் செய்தார். செலவைக் குறைக்க எரிபொருளைக் குறைத்து நிரப்பும் நிறுவனம், நடுவானில் தீர்ந்துபோகும்போது பாரம் குறைக்க எந்தப் பயணியை வெளியே தள்ளலாம் என்று பெரிய ஆராய்ச்சி செய்கிறது. கதையின் குத்தல் சரியான இடத்தில்தான் விழுகிறது. யாரைத் தள்ளுவது என்பது இரண்டாவது கேள்வி. கையிருப்புக்கு மேல் ஏன் வாக்குக் கொடுத்தாய் என்பது முதல் கேள்வி. மறுப்பு எழுத்தில் வந்ததால் பெரியம்மாவுக்கு நியாயம் வந்துவிடவில்லை. சுழல் நின்றது, நிற்கும் இடம் தெரிந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் வளர்ந்த இரண்டு முதியவர்களைத் தேடிப்பிடித்தோம். ஒருவர் ஈப்போவில் மகன் வீட்டில், இன்னொருவர் பகான் டத்தோ பக்கம். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டுவிட்டது, செக்ரோல் புத்தகங்கள் போன இடம் தெரியவில்லை. இரண்டு பேரும் சத்தியப்பிரமாணம் எழுதிக்கொடுத்தார்கள். அதை வைத்துப் புது மனு போட்டோம்.

நோட்டில் பேத்தி புதுப் பக்கம் தொடங்கினாள். இப்போதைக்கு ஒன்பது தேதிகள் இருக்கின்றன. பெரியம்மாவுக்கு எழுத வராது, ஆனால் எண்ணிக்கை அவர் வாயிலேயே நிற்கிறது. போனவாரம் போனில் பேசியபோது, "இன்னும் ஏழு வாட்டி இருக்குய்யா," என்றார்.